ஸ்மாஷ் பலிக்காதபோது எங்கே பார்க்க வேண்டும்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஸ்மாஷ் அளவுக்கு எளிதாக வரைந்து காட்டக்கூடிய பாஸ் திட்டம் குறைவு. ஓரத்தில் நிற்கும் ரிசீவர் 6 யார்டு ஓடி, சட்டென்று நின்று, பந்தை வீசும் குவாட்டர்பேக் பக்கம் திரும்புவார். இதற்கு ஹிட்ச் என்று பெயர். அவருக்கு உட்பக்கம் ஸ்லாட்டில் நிற்பவர் 12 யார்டு நேராக ஓடி, அங்கிருந்து எண்ட் ஸோனின் (புள்ளி எடுக்கப் பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய கடைசிப் பகுதி) மூலையைப் பார்த்துச் சாய்வாக வெட்டுவார். இந்த ஓட்டத்தைப் பலர் கார்னர் ரூட் என்பார்கள். எதிரணியில் ஓர ரிசீவரைக் காக்கக் கார்னர்பேக் என்று ஓர் ஆளும் இருப்பதால் இரண்டும் குழம்பும். அதனால் இங்கே ஓட்டத்துக்கு அதன் இன்னொரு பெயரான ஃப்ளாக் என்பதையே வைத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் மைதான மூலையில் கொடி நட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஓடுவதால் வந்த பெயர்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதன் உள்ளர்த்தம் உடனே புரியும். ஒரு ரன்னைத் தடுக்க மிட்-ஆஃப் ஃபீல்டர் முன்னே வந்தால், பேட்ஸ்மேன் அவர் தலைக்கு மேல் தூக்கி அடிப்பார். அவர் பின்னே போனால், மெதுவாகத் தட்டிவிட்டு ஒரு ரன் எடுத்துவிடுவார். ஸ்மாஷில் அந்த ஃபீல்டரின் இடத்தில் நிற்பவர் கார்னர்பேக். அவர் ஹிட்சைப் பிடிக்க முன்னே வந்தால் பந்து ஃப்ளாக்குக்குப் போகும். ஃப்ளாக்குக்காகப் பின்னே இறங்கினால் ஹிட்சுக்குப் போகும். ஒரே ஆளை மேலும் கீழுமாக இழுப்பதால்தான் இதை நெடுக்கு இழுப்பு என்கிறோம்.

எங்கள் ஊர் ஹைஸ்கூலின் ஜூனியர் அணிக்கு மாலை நேரங்களில் உதவிக்குப் போகிறேன். பையன்களுக்கு ஸ்மாஷ் ரொம்பப் பிடிக்கும். பயிற்சியில் அழகாக வரும். ஆட்டத்தில் இரண்டு முறை சொதப்பியதும், இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திட்டம் கெட்டுப்போவது அபூர்வம். ஒன்று, அந்த ஒற்றை ஆளுக்கு இழுப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை. இல்லையென்றால், எதிரணியின் கவரேஜ் (பாஸைத் தடுக்க அவர்கள் ஆட்களைப் பிரித்து நிறுத்தும் முறை) மாறி, இழுபட வேண்டிய ஆளே வேறு ஒருவராகிவிட்டார். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு வீடியோவில் பந்தைப் பார்க்காதீர்கள். முதல் தடவை ஓட்டும்போது சேஃப்டிகளை (எல்லோருக்கும் பின்னே நின்று ஆழத்தைக் காப்பவர்கள்) எண்ணுங்கள்: ஆழத்தில் ஒருவரா, இருவரா. இரண்டாவது தடவை கார்னர்பேக்கின் இடுப்பையும் காலையும் மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆன பிறகு, அதாவது பந்து பின்னே வந்து ஆட்டம் தொடங்கிய பிறகு, அவர் எப்போது பின்காலைத் திருப்பினார் என்பதில் பெரும்பாலான பதில் இருக்கும். எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடுத்த வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டு வீடியோவில் அகலம் தெரியாது.

ஹிட்சும் மூடிக்கிடக்கிறது, ஃப்ளாக்கும் மூடிக்கிடக்கிறது, ஒரே கார்னர்பேக் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார்

அதிகம் வரும் கோளாறு இதுதான். கவர் 2 எதிரே இது நடந்தால் தவறு நம் பக்கம்.

கவர் 2 என்றால் ஆழத்தில் இரண்டு சேஃப்டிகள், ஆளுக்குப் பாதி மைதானம். மைதானத்தின் அகலம் 53 யார்டும் ஒரு அடியும், ஆக ஒரு சேஃப்டியின் பங்கு கிட்டத்தட்ட 27 யார்டு. கார்னர்பேக் முன்னால் நின்று ஃப்ளாட் பகுதியை, அதாவது ஓரத்தில் ஆழமில்லாத இடத்தை, காப்பார். அவருக்குப் பின்னே, சேஃப்டிக்கு முன்னே, பக்கக்கோட்டை ஒட்டி 18 யார்டு ஆழத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. ஸ்மாஷ் குறிவைப்பது அந்தக் குழியைத்தான். ஆக, ஸ்மாஷுக்கு இதைவிடத் தோதான கவரேஜ் கிடையாது. இங்கேயே பலிக்கவில்லை என்றால் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

போன பருவத்தில் ஒரு ஆட்டம். மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 7 யார்டு வேண்டும். ஸ்மாஷ் அழைத்தோம். கார்னர்பேக் கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்து மூன்று காலடி பின்வாங்கி, கையை நீட்டி ஃப்ளாக்கைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். குவாட்டர்பேக் தாமதமாக வீசினான் என்றுதான் நான் உட்பட எல்லோரும் நினைத்தோம். பையன் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பந்து நேரத்துக்கு வந்திருக்கிறது. ஹிட்ச் ஓடியவன் 6 யார்டில் நிற்காமல் 8 யார்டு போயிருக்கிறான். கேட்டதற்கு, 7 யார்டு வேண்டுமே, அதைத் தாண்டி நின்றால்தானே ஃபர்ஸ்ட் டவுன் (புதிதாக நான்கு முயற்சிகள்) என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்லாட் பையனோ எதிரே சேஃப்டியைப் பார்த்துப் பயந்து 12 வரை போகாமல் 9 யார்டிலேயே வெட்டியிருக்கிறான். பந்து இறங்கியது 14 யார்டில். ஒருவன் 8, மற்றவன் 14. நடுவே 6 யார்டுதான். அந்தக் கார்னர்பேக்குக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சிக்கலே வரவில்லை. நடுவில் நின்றே இரண்டையும் எட்டிவிட்டான்.

ஹிட்ச் 6, ஃப்ளாக் பிடிக்கும் இடம் 20 என்றால் நடுவே 14 யார்டு. பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் யாராலும் அதைக் கடக்க முடியாது. இந்த இடைவெளிதான் ஸ்மாஷின் உயிர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சியில் 6 யார்டு கோட்டில் ஒரு வெள்ளைத் துண்டும், 12-இல் இன்னொன்றும் விரித்தோம். ஹிட்ச் ஓடுபவன் துண்டை மிதிக்க வேண்டும், தாண்டக் கூடாது. 7 யார்டு தேவையென்றாலும் 6-இல் பிடித்துத் திரும்பி ஒரு எட்டு வைத்தால் போதும் என்று பத்துப் பதினைந்து தடவை செய்துகாட்டினோம். ஸ்லாட் பையனுக்கு இன்னொரு பாடம்: 10, 11-இல் இரண்டு காலடி உட்பக்கம் தலையைச் சாய்த்து, மைதான நடுவுக்குப் போகிறவன்போலக் காட்டி, 12-இல் உட்காலை ஊன்றி வெளியே வெட்ட வேண்டும். வலப்பக்கம் ஓடினால் இடக்கால். அந்த ஊன்றல் பலமாக விழுந்தால் சேஃப்டியின் இடுப்பு தவறான பக்கம் திரும்பும். காலை மாற்றி ஊன்றினால் வெட்டு வளைவாகிவிடும். வளைவான ஃப்ளாக் கார்னர்பேக்குக்குப் பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

துண்டு சரி, கால் சரி, அப்படியும் மூடிக்கிடக்கிறது என்றால், ஹிட்ச் ஓடுபவரைக் கார்னர்பேக் ஆரம்பத்திலேயே கையால் தள்ளித் தாமதப்படுத்துகிறாரா என்று பாருங்கள். தொழில்முறை லீகான என்எஃப்எல்-இல் 1978 முதல் 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தள்ளக் கூடாது. ஆனால் ஹிட்சே 6 யார்டுதான். தள்ளவேண்டிய அளவுக்கு அந்த 5 யார்டிலேயே தள்ளிவிடலாம். ரிசீவரை ஒரு காலடி பின்னே நிறுத்துவது ஒரு மருந்து. ஸ்னாப்புக்கு முன் மோஷனில் நகர்த்திவிடுவது இன்னொன்று.

கார்னர்பேக் ஆரம்பத்திலேயே பின்னே போய், ஃப்ளாக்கின் மேலே உட்கார்ந்துகொள்கிறார்

இங்கே நம் அளவில் பிழையில்லை. கவரேஜ் வேறு.

ஆழத்தில் நடுவே ஒரே சேஃப்டி நின்றால் கவர் 3 ஆக இருக்கலாம். மைதானத்தின் ஆழப் பகுதி மூன்று துண்டாகப் பிரிந்து, கார்னர்பேக்குக்கு ஏறக்குறைய 18 யார்டு அகலமுள்ள ஒரு துண்டு கிடைக்கும். அதில் யார் வந்தாலும் பின்னால் விடக் கூடாது என்பதுதான் அவருடைய வேலை. எதிரே நின்ற ரிசீவர் 6 யார்டில் நின்றுவிட்டார் என்று தெரிந்ததும் அவருக்குப் பின்னே ஓட வேறு யாரும் இல்லை. நிம்மதியாக ஃப்ளாக்கின் வழியில் போய் நின்றுகொள்வார். சியாட்டில் சீஹாக்ஸ் இந்த கவர் 3-ஐ வைத்துக்கொண்டு 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் டென்வரை 43-8 என்று சாய்த்தது நினைவிருக்கலாம். அந்தப் பருவத்தில் 606 புள்ளி குவித்திருந்த டென்வர், குவாட்டர்பேக்காகப் பெய்டன் மானிங் இருந்தும், எட்டே புள்ளியில் நின்றது. அதன்பின் எந்த மட்டத்து ஆட்டத்துக்குப் போனாலும் கவர் 3 எதிரே வரும் என்று எண்ணித்தான் தயாராக வேண்டியிருக்கிறது.

கார்னர்பேக் பின்னே போய்விட்டாரா, உடனே ஹிட்ச். இதில் தயக்கமே கூடாது. குவாட்டர்பேக்கின் மூன்றாவது காலடி தரையில் பட்டபோது கார்னர்பேக்கின் முதுகோ பக்கவாட்டோ தெரிந்தால், பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும். அரை வினாடி யோசித்தால், உட்பக்கமிருந்து இன்னொருவர் வந்துவிடுவார். அவரைப் பற்றி அடுத்து வருகிறது.

6 யார்டு போதாது, பெரிய ஆதாயம் வேண்டும் என்றால் ஸ்மாஷை அதே இடத்தில் சேய்ல் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கவர் 3-க்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஓர ரிசீவர் நிற்காமல் நேராக ஆழத்துக்கு ஓடுகிறார். கார்னர்பேக் தன் கடமைப்படி அவர் கூடவே போக வேண்டும், போவார். ஸ்லாட் 12 யார்டு ஓடி பக்கக்கோட்டை நோக்கி வெட்டுகிறார். குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக் 3, 4 யார்டு ஆழத்தில் ஃப்ளாட்டுக்கு ஓடுகிறார். இப்போது அந்தப் பக்கம் மூன்று பேர், காக்க இருவர். அந்த இருவரில் ஒருவரைத்தான் ஓர ரிசீவர் கூட்டிக்கொண்டு போய்விட்டாரே. மிச்சமிருக்கும் ஃப்ளாட் காவலர் கீழே ரன்னிங் பேக்கைப் பார்ப்பதா, மேலே ஸ்லாட்டைப் பார்ப்பதா என்று இழுபடுகிறார். அதே நெடுக்கு இழுப்புதான், சிக்கியவர் மட்டும் வேறு.

ஆழத்தில் இரண்டு சேஃப்டி இருந்தும் கார்னர்பேக் பின்னே போகிறார் என்றால் அது பெரும்பாலும் கவர் 4. குவார்ட்டர்ஸ் என்றும் சொல்வார்கள். ஸ்னாப்புக்கு முன் பார்க்க கவர் 2 மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடுவோம். கார்னர்பேக் 7, 8 யார்டு தள்ளி நிற்கிறாரா என்று பாருங்கள். கவர் 2-இல் அவர் பொதுவாக 5 யார்டுக்குள் நிற்பார். குவார்ட்டர்ஸில் ஸ்லாட் ஓட்டம் ஆழமாகப் போனால் சேஃப்டியே அவரை ஆளாகப் பிடித்துக்கொள்வார். சேஃப்டி உட்பக்கம் இருப்பதால் ஃப்ளாக் அவரிடமிருந்து விலகித்தான் போகும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வீசுகிற பந்துகளைத்தான் கார்னர்பேக் கீழேயிருந்து பறிக்கிறார். ஹிட்சை எடுங்கள். மூன்று நான்கு ஹிட்ச் எடுத்துவிட்டு, சேஃப்டி ஃப்ளாக்கை எதிர்பார்த்து வெளியே சாயப் பழகியதும், ஃப்ளாக் காட்டி உள்ளே போஸ்ட் (மைதான நடுவில் கோல் கம்பத்தைப் பார்த்துச் சாயும் ஓட்டம்) வெட்டச் சொல்லுங்கள். இதைப் பையன்கள் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஹிட்சைப் பொறுமையாக எடுக்காத அணிக்கு போஸ்ட் திறக்காது.

ஹிட்ச் திறந்திருந்தது, வீசினோம், உட்பக்கமிருந்து ஒருவர் பாய்ந்து தட்டிவிட்டார்

இவர் முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கராகவோ இறங்கி நிற்கும் சேஃப்டியாகவோ இருப்பார். ஸ்லாட்டுக்கும் டேக்கிளுக்கும் (நம் முன்வரிசையின் ஓரத் தடுப்பாளர்) நடுவே எங்காவது நின்று, ஸ்லாட்டை ஒரு கணம் தடுத்துவிட்டு ஓரத்துக்கு ஓடி வருவார். அவர் ஓட வேண்டிய தூரம் எவ்வளவு என்பதே இங்கே கணக்கு. ஓர ரிசீவர் ஸ்லாட்டோடு ஒட்டி நின்றால் தூரம் குறைவு. கொஞ்சம் விலக்கி நிறுத்துங்கள். ரொம்ப விலக்கினால் வேறு வினை வரும், கீழே சொல்கிறேன்.

ஹிட்ச் ஓடுபவருக்கு ஒரு சுதந்திரம் கொடுங்கள். திரும்பியதும் உட்பக்கமிருந்து ஆள் வருவது தெரிந்தால், நின்ற இடத்திலேயே வேர்விட வேண்டாம். இரண்டு காலடி பக்கக்கோட்டுப் பக்கம் நழுவலாம். பந்தும் அவருடைய வெளித் தோளுக்கு வர வேண்டும். ஹிட்ச் பந்து எப்போதும் உட்தோளில் வந்து விழுகிறது என்றால், பாய்கிறவருக்கு நாமே வழி காட்டுகிறோம் என்று அர்த்தம்.

அந்தப் பக்க ரன்னிங் பேக்கை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு முன்னால் 4 யார்டில் நடுவே நிற்கச் செய்வதும் உதவும். பாய்கிறவர் இரண்டு மனதாக இருப்பார்.

கவர் 2 என்றுதான் தெரிகிறது, ஆனால் சேஃப்டி ஃப்ளாக்குக்கு முன்பே வந்து நிற்கிறார்

சேஃப்டிக்கு உட்பக்கக் கவலை ஏதும் இல்லாததால்தான் அவர் துணிந்து வெளியே வருகிறார். டாம்பா 2 இதையே முறையாகச் செய்கிறது. நடு லைன்பேக்கர் ஆழத்துக்கு ஓடி மையத்தை அடைத்துக்கொள்வார். அந்த நம்பிக்கையில் இரண்டு சேஃப்டிகளும் ஓரத்துக்கு விரிவார்கள். டோனி டன்ஜியும் மான்டி கிஃபினும் 1996-இலிருந்து டாம்பா பே அணியில் இதை வளர்த்தெடுத்தார்கள். அதன் வேர் எழுபதுகளின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தற்காப்பில் இருக்கிறது. டன்ஜி அங்கே ஆடியவர். டாம்பா பே 2003 ஜனவரியில் சூப்பர் பௌல் வென்றபோது அணிக்குப் பயிற்சியாளர் ஜான் குரூடன், தற்காப்பைப் பார்த்தவர் கிஃபின்தான்.

மருந்து: சேஃப்டிக்கு உட்பக்கக் கவலையை உண்டாக்குவது. ஒரே பக்கம் மூன்று ரிசீவர்களை நிறுத்தி, மூன்றாமவரை ஹாஷ் கோட்டை (மைதானத்தின் நீளவாக்கில் உள்ள இரண்டு குறுங்கோட்டு வரிசைகளில் ஒன்று) ஒட்டி நேராக ஆழத்துக்கு ஓடவிடுங்கள். அவர் சேஃப்டியின் உள்தோளைப் பார்த்தே ஓட வேண்டும். சேஃப்டி ஒரு கணம் அங்கேயே நின்றால் ஃப்ளாக் பிழைத்துக்கொள்ளும். நடு லைன்பேக்கர் அவர் பின்னாலேயே ஓடிவிட்டால், அவர் விட்டுப்போன 10, 12 யார்டு ஆழத்து நடுப்பகுதி காலியாகக் கிடக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவரை அங்கே உள்ளே வெட்டச் சொல்லலாம்.

அப்புறம், ஃப்ளாக் ஓடுபவரும் பார்த்து ஓட வேண்டும். சேஃப்டி மேலே ஆழத்தில் இருந்தால் வெட்டைத் தட்டையாக்கி, பக்கக்கோட்டை நோக்கிச் சமமாக ஓடுங்கள். பந்து 18 யார்டில் வரும். சேஃப்டி கீழே தங்கிவிட்டால் மூலையைப் பார்த்தே போங்கள், பந்து உயரமாக வரும். குவாட்டர்பேக்கும் ரிசீவரும் இதைப் பேசிவைத்திருக்காவிட்டால் ஒருவர் மேலே போக, பந்து கீழே போகும்.

ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்

ஸ்னாப்புக்கு முன் மோஷனில் ஒருவரை நகர்த்துங்கள். எதிரே நின்றவர் மைதானம் முழுக்கக் கூடவே வந்தால் பெரும்பாலும் மேன் கவரேஜ். மேன் கவரேஜில் ஒட்டி நிற்பவருக்கு எதிரே ஹிட்ச் செத்த ஓட்டம். அதற்காகக் காத்திருக்காமல் முதல் பார்வையே ஃப்ளாக்குக்குப் போகட்டும். ஸ்லாட்டைக் காப்பவர் உட்பக்கம் நின்றால் இது தங்கம். நடுவில் நிற்கும் ஒற்றைச் சேஃப்டிக்கு மூலை வரை வந்து சேர நேரமிருக்காது. காப்பவர் வெளிப்பக்கம் நின்றால் ஃப்ளாக்கும் அடைபடும். அப்போது இரண்டு ரிசீவர்களையும் நெருக்கி நிறுத்தி, ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடும்படி கிளம்பச் சொல்லுங்கள்.

ஃப்ளாக் பிடித்தார், கால் கோட்டுக்கு வெளியே

நிறுத்தும் இடத்தில் பிழை. ஓர ரிசீவர் பக்கக்கோட்டை ஒட்டி நின்றால் கார்னர்பேக்கும் அங்கேயே நிற்பார்; ஃப்ளாக்குக்கு வேண்டிய நிலத்தை நாமே அடைத்துவிடுகிறோம். தரையில் எழுதியிருக்கும் யார்டு எண்களுக்கு உட்பக்கமாக அவரைக் கொண்டுவாருங்கள். பந்து எந்த ஹாஷில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஹைஸ்கூல் மைதானத்தில் ஹாஷ் கோடுகள் அகலத்தை மூன்று சமபாகமாகப் பிரிப்பதால், குறுகிய பக்கத்தில் கிடைப்பது 18 யார்டுக்கும் கொஞ்சம் குறைவு. என்எஃப்எல்-இல் அதுவே 23 யார்டுக்கு மேல். தொலைக்காட்சியில் பார்த்த நிலையை அப்படியே ஹைஸ்கூலின் குறுகிய பக்கத்தில் வைத்தால் இடம் பற்றாது. அகலப் பக்கத்தில் வைத்தாலோ வீச்சு நீளும். கை பலம் குறைந்த பையனுக்குக் குறுகிய பக்கமே நல்லது, ரிசீவர்களை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாக் வெட்டுவதற்குள் குவாட்டர்பேக் கீழே கிடக்கிறார்

பிளிட்ஸ் வந்தால், அதாவது வழக்கத்தைவிட அதிகம் பேர் குவாட்டர்பேக்கின் மேல் பாய்ந்தால், ஃப்ளாக்கை மறந்துவிட்டு ஹிட்ச். வேறு வழி தேட வேண்டாம். பிளிட்ஸ் இல்லாமலே அடிபடுகிறார் என்றால், ரன்னிங் பேக்கை ஓடவிடாமல் தடுப்புக்கு வையுங்கள்.

எண்ட் ஸோன் நெருங்க நெருங்கப் பலிப்பதில்லை

20 யார்டு கோட்டிலிருந்து 12 வரை ஸ்மாஷ் நன்றாகவே ஓடும். சொல்லப்போனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அதற்கும் உள்ளே போனால் எண்ட் ஸோனின் பின்கோடு இன்னொரு தற்காப்பாளராகிவிடுகிறது. எண்ட் ஸோனின் ஆழம் 10 யார்டுதான். 8 யார்டு கோட்டிலிருந்து 12 யார்டு ஓடி வெட்டினால், பிடிக்க மிச்சமிருப்பது 6 யார்டு. ஆகவே வெட்டும் இடத்தை 7 யார்டுக்குக் குறைத்து, ஹிட்சை 3 யார்டுக்குக் குறையுங்கள். விகிதம் பெரிதாக மாறாமல் இரண்டும் சேர்ந்து சுருங்க வேண்டும். பந்து மூலைக் கம்பத்துக்கு மேலே, நம் ஆள் கையை நீட்டினால் மட்டும் எட்டும் உயரத்தில் இறங்க வேண்டும். நாங்கள் இதற்காக மூலையில் ஒரு பெரிய குப்பைத் தொட்டியை வைத்து, 8 யார்டு கோட்டிலிருந்து அதற்குள் பந்தை இறக்கப் பழக்குகிறோம். நேராக வீசினால் தொட்டியின் வெளிச்சுவரில் பட்டுத் தெறிக்கும். தூக்கி வீசினால்தான் உள்ளே விழும்.